மலையில் ரப்பர், ஏலாவில் வாழை, கடற்கரையில் தென்னை: ஒரே சைடு-பை-சைடு போதுமா?

அருமனை விளைக்காரன் | மே 3

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிந்தேன்.

அருமனைக்கு மேலே மலைச்சரிவில் ஏழு ஏக்கர் ரப்பர், அடியில் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் புரை. மணக்குடி பக்கம் மனைவி வழி வந்த இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, முழுக்க கடல் மணல். திருப்பதிசாரம் ஏலாவில், அதாவது வயல்வெளியில், ஒரு ஏக்கர் வாழை. மழை பெய்தால் முழங்கால் அளவு தொளி (சேறு). இந்த மூன்றுக்கும் நடுவே என் முதுகு.

இப்போது ரப்பர் பால் தலைச்சுமையாக இறங்குகிறது, இல்லையென்றால் என் பழைய பைக்கில் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டு. போன ஆடிச் சாரலில் பைக் சறுக்கி அறுபது லிட்டர் பால் பாறையில் கொட்டியது. கால் தப்பியது. பால் அந்தப் பாறையில் உறைந்து ஒட்டியதை ஒரு வாரம் கழித்து ஒட்டுப்பாலாக உரித்து எடுத்தோம்.

ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு யோசனை சொன்னான். அங்கே பாலைவனத்தில் ஓட்டுகிறார்களே, சைடு-பை-சைடு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், கார் மாதிரி ஸ்டியரிங், நாலு சக்கரத்துக்கும் இழுவை, பின்னால் சாய்த்துக் கொட்டும் தொட்டி. நாலு வருடப் பழசு, 1000 சிசி, விலை மலிவு, கப்பலில் ஏற்றி விடுகிறேன் என்கிறான்.

வாங்கலாமா? 1000 சிசி போதுமா? வின்ச் (மாட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் மோட்டார்), டயர், கூரை எல்லாம் என்ன போட வேண்டும்? மொத்தம் 9 லட்சம்தான் கையில்.

மார்த்தாண்டம் ஸ்பேனர் | மே 3

அண்ணே, எல்லாரும் சிசியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் நாலு அளவு எடுத்துப் போடுங்கள்.

வண்டி போக வேண்டிய பாதையில் மிகக் குறுகலான இடம் எத்தனை அங்குலம்? மிகச் செங்குத்தான இடம் எவ்வளவு ஏற்றம்? ஒரு நடையில் அதிகபட்சம் எத்தனை கிலோ? விளைக்கு (தோட்டத்துக்கு) வெளியே ரோட்டில் எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும்?

விளை முழுவதையும் நினைத்துக் குழம்ப வேண்டாம். மழைக்காலத்தில் உங்களைப் பயமுறுத்தும் அந்த இருநூறு மீட்டர் எது? வண்டி வாங்குவது அதற்காகத்தான். மற்ற இடத்துக்கு எந்த வண்டியும் போகும்.

கடியப்பட்டணம் மணல் | மே 3

ஸ்பேனர் சொல்வது மலைக்குச் சரி. மணலில் சிசி பேசும் தம்பி. பன்னிரண்டு வருடம் ஓமானில் இந்த வண்டிகளோடுதான் கிடந்தேன். ஈரமில்லாத மணலில் சிறிய எஞ்சின் மூச்சு முட்டும்.

ஆனால் விளைக்காரரே, மணலில் ஓடிய நாலு வருட வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கம், எஞ்சினுக்குப் போகும் குழாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் மாவு மாதிரி தூசி ஒட்டினால் அந்த எஞ்சினின் ரிங் பாதி தின்னப்பட்டிருக்கும். கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைக் கேளுங்கள்.

குழித்துறை வக்கீல் | மே 4

ஃபில்டரில் விரல் விடும் முன்பே இந்தப் பேரம் முடிந்துவிட்டது. பழைய வண்டியை இந்தியாவுக்குள் இறக்க வேண்டுமானால் மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். உங்களுடையது நாலு வருடம். ஷார்ஜாவில் ஓடியது என்றால் அநேகமாக இடப்பக்க ஸ்டியரிங். சித்தப்பா மகனிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

ரோட்டு விஷயம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 2(28) பிரிவில், தொழிற்சாலை அல்லது அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கென்றே அமைந்த தனி வகை வண்டி மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வராது. இதைக் காட்டித்தான் விற்பவர்கள் 'ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் சார்' என்பார்கள். வளாகத்துக்கு உள்ளே என்பதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். எது அடைத்த வளாகம் என்பதற்காகச் சுரங்க டம்பர் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. வேலியில்லாத, ஊர்க்காரர்கள் குறுக்கே நடந்து போகும் விளையை அப்படிச் சொல்ல முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

பஞ்சாயத்து ரோட்டில் சக்கரம் வைத்தால் பதிவும் இன்சூரன்சும் வேண்டும். பொது இடம் என்றால் மக்களுக்குப் போய்வர உரிமையுள்ள எந்த வழியும்தான், தார் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. டிராக்டர் வகையில் சான்று வாங்கி ரோட்டுக்கு வந்த மாடல்கள் இந்தியாவில் விற்கப்பட்டன. போலரிஸ் கம்பெனி அப்படிச் செய்தது. அந்த மாதிரி வண்டி கைமாறிக் கிடைத்தால் ஆர்.சி. புத்தகத்தை முதலில் பாருங்கள், அப்புறம் எஞ்சினைப் பார்க்கலாம்.

இன்னொன்று. ரப்பர் வெட்டுத் தொழிலாளிகளைப் பின்தொட்டியில் ஏற்றாதீர்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேலியைப் பார்த்து நிற்காது.

அருமனை விளைக்காரன் | மே 7

வக்கீல் சார், நன்றி. தம்பியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, இப்போது சரி.

அளவு எடுத்தோம். கொத்தனாரிடம் டியூப் மட்டம் இரவல் வாங்கி, நானும் மூத்த வெட்டுக்காரரும் காலையில் பால் எடுத்து முடித்த பிறகு ஏறினோம். அவர் டேப்பின் ஒரு முனை, நான் மறுமுனை. நடுவில் இரண்டு பேரின் காலிலும் அட்டை.

அடியிலிருந்து மேல் திருப்பம் வரை நூறடிக்குச் சராசரி 19 அடி ஏற்றம். அது பயமில்லை. திருப்பத்தில் மட்டும் இருபது அடிக்குள் ஆறரை அடி கேறுகிறது. சரல் மண், அதன் மேல் பாசி. பைக் விழுந்ததும் அதே இடம்.

குறுகலான இடம்: இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் அப்பா நட்ட அயனி மரம். நடுவே 64 அங்குலம். மரத்தை வெட்டு என்று யாரும் சொல்ல வேண்டாம். அம்மா இருக்கிறார்.

சுமை: 35 லிட்டர் கேன் ஆறு, ஆக இருநூற்றுப் பத்து கிலோ சொச்சம். உர சீசனில் மூட்டை ஐந்து. ரோடு: கேட்டிலிருந்து வீடு வரை 300 மீட்டர் பஞ்சாயத்து ரோடு. மணக்குடிக்கும் திருப்பதிசாரத்துக்கும் வண்டியை ஓட்டிப் போவது நடக்காத காரியம், ஏற்றித்தான் போக வேண்டும்.

ஆல்பர்ட்டா குளச்சல் | மே 7

ஊர் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இங்கே கனடாவில் பண்ணையில் ஏழு வருடமாக ஒரு போலரிஸ் ரேஞ்சர் சைடு-பை-சைடு வைத்திருக்கிறோம். மைனஸ் முப்பதில் ஓட்டும் என் அனுபவம் உங்கள் அட்டைக்கு உதவாது. ஆனால் சில பொது விஷயங்கள் சொல்கிறேன்.

முழு அளவு வண்டிகள் 60 முதல் 65 அங்குல அகலம் இருக்கும். 62 அங்குல வண்டி உங்கள் பாறைக்கும் மரத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு அங்குல இடைவெளியில் போகும். கணக்கில் போகும், மழையில் போகாது. 58 அங்குல நடுத்தர வகை உங்களுக்குப் பொருந்தும். 50 அங்குலத்திலும் உண்டு, இங்கே காட்டுப் பாதைகளில் அகலக் கட்டுப்பாடு இருப்பதால் செய்தார்கள். சரிவில் சுமையோடு போக அவ்வளவு ஒடுக்கமானதை நான் வாங்க மாட்டேன்.

கையேட்டைப் படியுங்கள். பல கம்பெனிகள் 15 டிகிரிக்கு மேல் ஏற்றாதே என்றே அச்சிட்டிருக்கின்றன. உங்கள் திருப்பம் கிட்டத்தட்ட 18 டிகிரி வருகிறது. விளம்பரத்தில் செங்குத்தாகப் பறப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்த வண்டியின் தொட்டியில் ஆறு கேன் பால் இல்லை.

கவிழ்வதைப் பற்றி ஒரு பழைய கதை. யமஹா ரைனோ என்று ஒன்று வந்தது, இந்த வகை வண்டி அமெரிக்காவில் பரவியதே அதனால்தான் என்பார்கள். 2009இல் அதன் விற்பனையை நிறுத்திவைத்து, ஓடிக்கொண்டிருந்த வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பின் சக்கரங்களுக்கு ஸ்பேசர் வைத்து அகலமாக்கி, பின்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி-ஸ்வே பார் கம்பியைக் கழற்றிக் கொடுத்தார்கள். மெதுவாகத் திரும்பும்போதுகூடச் சாய்ந்தது என்பது புகார். அதனால் சொல்கிறேன்: கூண்டும் பெல்ட்டும் பக்க வலையும் அலங்காரம் இல்லை. சாயும்போது ஆளுக்கு இயல்பாகத் தோன்றுவது காலை வெளியே ஊன்றத்தான். கூண்டு அந்தக் காலின் மேல்தான் விழும்.

தேன்பெட்டி | மே 8

நானும் ஒரு வண்டி தேடிக்கொண்டிருப்பதால் கேட்கிறேன். எனக்கு எடை பிரச்சினை இல்லை, குலுக்கல்தான் பிரச்சினை. தை மாதம் ரப்பர் தளிர்க்கும்போது தேனீப் பெட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாக விளைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். ரப்பரில் தேன் பூவில் இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, தளிர் இலைக்காம்பில்தான் சுரக்கும். மார்ச் வரை அதுதான் எங்கள் சம்பாத்தியம். ஆட்டோவில் கொண்டுபோனால் பத்துப் பெட்டியில் இரண்டிலாவது அடை ஒடிந்து விழுகிறது. அடை விழுந்தால் ராணி நசுங்கும், அப்புறம் அந்தப் பெட்டி கணக்கில் இல்லை.

இந்த வண்டியின் தொட்டி குலுங்காதா?

மார்த்தாண்டம் ஸ்பேனர் | மே 8

அக்கா, காலித் தொட்டியில் குலுங்கும், பாதிச் சுமையில் தொட்டில் மாதிரி போகும். நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். ஆனால் கம்பெனி ஸ்பிரிங் முழுச் சுமைக்காக விறைப்பாக வைத்திருப்பார்கள். ஷாக்கின் அடியில் ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுக்கம் குறையும். பெட்டி ஏற்றும் நாளில் இரண்டு படி தளர்த்துங்கள், டயரில் காற்றும் கொஞ்சம் குறையுங்கள்.

இப்போது விளைக்காரருக்கு. அந்தத் திருப்பத்துக்காக வண்டியைப் பெரிதாக்க வேண்டாம். ஒரு மணி நேரம் ஜேசிபி வைத்து, இருபது அடியில் கேறுவதை இருபத்தாறு அடியாக இழுத்து வெட்டினால் 14 டிகிரிக்கு வந்துவிடும். பாதைக்குச் செலவழிக்கும் பணம் எஞ்சினுக்குச் செலவழிப்பதில் கால்வாசிகூட வராது.

அடுத்தது கியர். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கியர்பெட்டி கிடையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஸ்கூட்டி மாதிரி ரப்பர் பெல்ட்தான், அதோடு 'ஹை', 'லோ' என்று இரண்டு நிலை. சுமையோடு ஏற்றத்தில் 'ஹை'யில் போட்டு மெதுவாக ஓட்டினால் பெல்ட் புல்லியில் வழுக்கிச் சூடாகும். எரிந்த ரப்பர் வாடை வந்தால் உங்கள் ஷீட் புரையிலிருந்து வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேடு, சுமை, தொளி மூன்றில் எது வந்தாலும் 'லோ'. ஓடையில் இறங்கி பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. நியூட்ரலில் போட்டு, பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றி, எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் காய்ந்துவிடும்.

பெல்ட்டே வேண்டாம் என்றால் வேறு வகை உண்டு. ஹோண்டா பயனியரில் கியர்பெட்டி. குபோட்டா ஆர்டிவியில் டீசல் எஞ்சினும், ஆயில் அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டேட்டிக்கும், 2004இலேயே கொண்டுவந்தார்கள். அது இறக்கத்தில் காலை எடுத்தாலே பிடித்து நிற்கும், மலைக்கு அருமை. ஆனால் அது ரிப்பேர் ஆனால் எனக்குப் போன் செய்யாதீர்கள். என்னிடம் அதற்குச் சாமானும் இல்லை, படிப்பும் இல்லை.

தோவாளைக் காற்று | மே 9

எல்லாரும் ஒரே பாட்டு பாடுகிறீர்கள். ஏன் ஐயா, மாருதி ஜிப்ஸி என்ற ஒன்று இந்த நாட்டில் ஓடியதே மறந்துபோச்சா? அகலம் 1540 மில்லிமீட்டர். அங்குலத்தில் அறுபத்தொன்றுக்குள். எடை ஆயிரம் கிலோவுக்குள். நாலு சக்கர இழுவை, லோ கியர், ஆர்.சி. புத்தகம், எந்த மெக்கானிக்கும் தொடுவான். 300 மீட்டர் ரோட்டுக்காக வக்கீலைக் கேட்க வேண்டாம். திருப்பதிசாரம், மணக்குடி எல்லாம் நேராக ஓட்டிப் போகலாம். மலையோரத்தில் கமாண்டர் ஜீப்பில்தானே ஒரு தலைமுறை சுமை இறக்கியது?

முப்பந்தல் காற்றாலைகளில் இருபது வருடம் வேலை செய்தவன் நான். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடி மாதம் திறந்த வண்டியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கண், மூக்கு, பல்லிடுக்கு எல்லாம் மண். உங்கள் சைடு-பை-சைடுக்குக் கதவுகூடக் கிடையாது.

மார்த்தாண்டம் ஸ்பேனர் | மே 9

அண்ணாச்சி சொல்வதில் முக்கால் பங்கு நியாயம். ரோட்டில் அதிகம் ஓட வேண்டியவனுக்கு நானும் ஜீப்தான் சொல்வேன். ஆனால் ஜிப்ஸி பொதுச் சந்தைக்கு வருவது நின்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நல்லது கிடைத்தால் ஆஃப்-ரோடு பிள்ளைகள் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பட்டை ஸ்பிரிங். அக்காவின் தேன் அடை தாங்காது. தொட்டி சாயாது, உரமூட்டையைக் குனிந்துதான் எடுக்க வேண்டும். 61 அங்குலம் 64க்குள் போகிறது, சரி, ஆனால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம்தான்.

இங்கேயே இந்த மாதிரி எளிய வண்டிக்கு ஒரு முயற்சி நடந்தது, பலருக்கு நினைவிருக்காது. ஐஷரும் போலரிஸும் சேர்ந்து 2015இல் மல்டிக்ஸ் என்று விட்டார்கள். 511 சிசி டீசல், குடும்பமும் போகலாம், சுமையும் போகலாம், பம்புக்குக் கரண்ட்டும் எடுக்கலாம் என்றார்கள். பின்சக்கர இழுவை மட்டும். 2020இல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது நிறுத்திவிட்டார்கள். யோசனை நல்ல யோசனைதான்.

கடியப்பட்டணம் மணல் | மே 10

மணக்குடி தோப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

மலைக்கு நீங்கள் வாங்கப்போகும் ஆழப் பட்டன் டயர் மணலில் மண்வெட்டி. ஆக்சிலேட்டரை மிதித்தால் தனக்கே குழி தோண்டி உட்கார்ந்துகொள்ளும். மணலில் காற்றைக் குறைக்க வேண்டும், டயர் கொஞ்சம் பிதுங்கி அகலமாகப் படிய வேண்டும். வெளியே வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும். தென்னந்தோப்பில் அதைவிடப் பெரிய தொல்லை வெட்டிய மட்டையின் அடிக்கட்டை. காய்ந்தால் ஆப்பு மாதிரி டயரின் பக்கச்சுவரில் குத்தும். பக்கச்சுவர் ஓட்டையை பிளக் போட்டு அடைக்க முடியாது. அதனால் டயர் ஆறு பிளையாவது (அடுக்காவது) இருக்கட்டும், எட்டு என்றால் நிம்மதி.

உப்புதான் மெதுவாகக் கொல்லும். காயல் ஓரம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது. பிரஷர் பம்பை பேரிங், ரேடியேட்டர், ஒயர் கனெக்டர் பக்கம் நேராகக் காட்டாதீர்கள். ஒவ்வொரு ஒயர் இணைப்பையும் கழற்றி டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். ஒரு மத்தியானம் போகும், மூன்று வருடம் தாங்கும். ஊரில் பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பீய்ச்சும் பழக்கம் உண்டு. துருவுக்கு நல்லது, ரப்பர் புஷ்களை ஊத வைத்துவிடும்.

உங்கள் பாலில் ஊற்றும் அமோனியாவும் கேடுதான். செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பேட்டரி இணைப்புக்குப் பக்கத்தில் கேனைச் சிந்தாதீர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்கிறேன்: இரண்டு ஏக்கர் தோப்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மாதம் ஒருநாள் தேங்காய் வெட்டுக்கு ஒரு குட்டியானை மினி லாரியை வாடகைக்குக் கூப்பிடுங்கள்.

அருமனை விளைக்காரன் | மே 10

கடைசி வரியை வாசித்து மனைவி சிரித்தாள். அவள் இதைத்தான் முதல் நாளே சொன்னாளாம்.

வின்ச் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

ஆல்பர்ட்டா குளச்சல் | மே 11

கணக்கு எளிது. வண்டி, ஆள், சுமை மூன்றையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குங்கள். உங்களுக்கு 550, 150, 250 என்றால் 950. பெருக்கினால் 1425 கிலோ. கடையில் பவுண்டில் விற்பார்கள். 3500 பவுண்டு என்றால் ஏறக்குறைய 1590 கிலோ, போதும். அந்த முழு இழுவை டிரம்மில் அடி அடுக்குக் கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போதுதான் கிடைக்கும், கயிறு சுற்றச் சுற்றக் குறையும். ஒரு கப்பி வாங்கி வைத்தால் இழுவை இரட்டிக்கும், வேகம் பாதியாகும். எஞ்சின் ஓடாமல் வின்ச் போடாதீர்கள். முழு இழுவையில் இருநூறு ஆம்பியர் வரை உறிஞ்சும், வண்டி தருவதோ பல மாடல்களில் ஐம்பதுக்குள்.

எஃகுக் கயிறு வேண்டாம். அறுந்தால் சாட்டை. சிந்தெடிக் கயிறு போடுங்கள், வெயிலில் கிடக்காமல் உறை போட்டு மூடுங்கள்.

மார்த்தாண்டம் ஸ்பேனர் | மே 11

இதோடு ஊர்க் கணக்கு ஒன்று. வண்டி மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பது ரப்பர் மரம்தானே என்று கயிற்றைச் சுற்றுவீர்கள். பட்டை நசுங்கினால் அந்தப் பக்கம் வெட்டுக்கு ஆகாது. உங்கள் காசு இருப்பதே அந்தப் பட்டையில்தான். அகலமான நாடாப்பட்டை ஒன்று வாங்குங்கள், பாதையோரம் இருக்கும் அயனி, பலா, கொல்லாமரம் எது எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒக்கி புயல் அடித்த 2017இல் விளைக்குள் குறுக்கே விழுந்த மரங்களை இழுக்க நாங்கள் பட்ட பாட்டில் கற்றது இது. அன்றைக்கு மரம் அறுக்கும் வாளும் ஒரு வின்ச்சும் வைத்திருந்தவன்தான் ராஜா.

தொட்டியில் பால் கேனை ஓட்டுநர் முதுகுப் பக்கம் ஒட்டி வையுங்கள், வால் பக்கம் வைத்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகும். பெரிய பீப்பாயில் பாதிப் பால் கொண்டுபோகவே கூடாது. திருப்பத்தில் பால் ஒரு பக்கமாகச் சாயும், வண்டியும் கூடவே சாயும்.

தேன்பெட்டி | மே 11

நானும் ஒன்று சேர்க்கிறேன், பட்டறிவு. மார்கழி கடைசியில் ரப்பர் இலை கொட்டும். முழங்கால் அளவு சருகு. ஒரு எஸ்டேட்டில் இந்த வகை வண்டி ஒன்றின் அடித்தகட்டுக்கு மேலே சருகு அடைந்து, சைலன்சர் சூட்டில் புகைந்ததைக் கண்ணால் பார்த்தேன். நல்லவேளை என்னிடம் பெட்டி கழுவும் தண்ணீர் இருந்தது. அந்த இரண்டு மாதமும் தினம் குனிந்து கையை விட்டு எடுங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு தீயணைப்பான்.

தோவாளைக் காற்று | மே 12

கூரை, கண்ணாடி பற்றி என் பங்கு. முன்னால் முழுக் கண்ணாடி மட்டும் போட்டுப் பின்னால் திறந்து விட்டால், புழுதியும் புகையும் பின்பக்கமாகச் சுருண்டு உங்கள் கழுத்துக்கே வரும். அரைக் கண்ணாடி போடுங்கள், அல்லது பின்னாலும் ஒரு தடுப்பு போடுங்கள். பாலிகார்பனேட்டைக் காய்ந்த துணியால் துடைத்தால் இரண்டே மாதத்தில் பனிமூட்டம். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஜிப்ஸிக்காரனிடமிருந்து இவ்வளவு போதும்.

அருமனை விளைக்காரன் | மே 24

முடிவு எடுத்துவிட்டேன். ஒரே வண்டி என்ற ஆசையை விட்டேன். மணக்குடிக்குக் குட்டியானை, ஏலாவுக்கு வாழைக்குலை எடுக்க வழக்கமான டிராக்டர். வண்டி மலைக்கு மட்டும்.

மலைப்பிரதேசத்து ரிசார்ட் ஒன்று மூடும்போது விற்றார்கள். 570 சிசி வகை, 58 அங்குலம், மீட்டரில் 900 மணி நேரம். மணல் அண்ணன் சொன்ன மாதிரி விரல் விட்டேன், சுத்தம். பெல்ட் கவரைத் திறந்தபோது பெல்ட்டின் பக்கத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பு. வழுக்கி வழுக்கி ஓட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டி இருபதாயிரம் குறைத்தேன், புது பெல்ட் இரண்டு வாங்கினேன், ஒன்று போட, ஒன்று சீட்டுக்கு அடியில். ஆர்.சி. கிடையாது. அதனால் வண்டி விளைக்குள்ளேயே இருக்கும். ஷீட் புரையை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, கேட்டுக்கும் வேலிக்கும் பூட்டுக்கும் செலவழித்தேன். வீட்டுக்கு அந்த 300 மீட்டர் நடக்கிறேன்.

போட்டது: எட்டு பிளை டயர், நடுத்தரப் பட்டன் (ஆழப் பட்டன் மேடைக்கட்டு மண்ணைக் கீறி மழைத்தண்ணீருக்கு வழி வெட்டும் என்று வெட்டுக்காரர் சொன்னது எனக்கே தோன்றவில்லை), 3500 வின்ச், அடித்தகடு, கூரை, அரைக் கண்ணாடி. ஸ்டீரியோ போடச் சொல்லி மகன் கெஞ்சினான். போடவில்லை. ஜேசிபிக்கு இரண்டு மணி நேரம் ஆனது, பாறை வந்துவிட்டது.

அருமனை விளைக்காரன் | ஜூன் 19

மழை தொடங்கிப் பதினைந்து நாள். மரங்களில் வெட்டுப்பட்டை நனையாமல் ரெயின் கார்டு போட்டிருப்பதால் வெட்டு நடக்கிறது. தினம் இரண்டு நடை, திருப்பத்தில் லோவில் ஊர்ந்து ஏறுகிறது. பாறைக்கும் வண்டிக்கும் நடுவே வெட்டுக்காரர் கையை வைத்துக் காட்டினார், நாலு விரல்.

நேற்று ஓடையில் தண்ணீர் கூடுதல். நடுவில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. ஸ்பேனர் தம்பி சொன்ன மாதிரியே. கரைக்கு வின்ச் போட்டு இழுத்து, அடைப்பானைக் கழற்றினேன், அரை டம்ளர் தண்ணீர் வந்தது. நியூட்ரலில் முறுக்கிக் காய வைத்தேன். எல்லாம் சரி. ஆனால் கழற்றிய அடைப்பானைச் சட்டைப்பையில் போட்டதாக நினைத்து ஓடையில் போட்டிருக்கிறேன். இப்போதைக்குச் சைக்கிள் டியூப் துண்டு வைத்துக் கட்டியிருக்கிறேன். நாகர்கோவிலில் எங்கே கிடைக்கும்?

மார்த்தாண்டம் ஸ்பேனர் | ஜூன் 19

நாகர்கோவில் போகாதீர்கள். ஓட்டையின் விட்டத்தை அளந்து சொல்லுங்கள் அண்ணே, பம்பு சாமான் கடையில் ரப்பர் அடைப்பானாகவே கிடைக்கும். நாலு வாங்குங்கள்.